பின்புறம்: அமைதி

அத்தியாயம் ஏழு

மேசைமேல் கிடந்த அந்த ரப்பர் நீச்சல் துடுப்பு, விடிய விடிய வாக்குமூலம் கொடுத்துக் களைத்துப் படுத்ததுபோல் இருந்தது. எதிரே நாற்காலியில் துப்பறிவாளரும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார்.

தொழில் வட்டாரத்தில் அவருக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். பட்டமில்லை, வர்ணனை. நான்கு நாளாக ஒரே விடுதி அறை, ஒரே மின்விசிறி, அதன் ஒரே கடகட. பக்கத்துக் கட்டிலில் அவருடைய உதவியாளன், அதாவது அவர் மனைவியின் தம்பி. "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் ஒரு மாசம் வெச்சுக்கோங்க" என்று அக்கா அனுப்பிவைத்து ஆறு வருடமாகிறது. மைத்துனனும் வேறு வேலை தேடவில்லை. வேறு வேலையும் மைத்துனனைத் தேடவில்லை.

"அத்தான், மணி ஒன்பது. நாலு மணிக்குத் துறைமுக அதிகாரி விபத்து அறிக்கையில கையெழுத்துப் போட்டுடுவாரு. நாம இன்னும் பல் தேய்க்கல."

"ம்."

"இந்த 'ம்' சம்மதமா, குறட்டையா?"

கதவு தட்டப்பட்டது.

வந்தவர், அவர்களை இந்த வழக்குக்கு அமர்த்திய பல் டாக்டரின் மனைவி. நான்கு நாள் முன்பு, கடலுக்கடியில் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய சரக்குக் கப்பலைப் பார்க்க, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினார் அந்தப் பல் டாக்டர். பதினைந்தாவது நிமிடம் பாட்டில் தக்கைபோல் மேலே பாய்ந்து வந்தார். அவ்வளவு ஆழத்திலிருந்து மெதுவாகத்தான் ஏற வேண்டும். பாய்ந்தால் உடம்பு தாங்காது. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கால் இரண்டும் அசையவில்லை. மனைவியை அடையாளம் தெரிகிறது. அந்தக் காலைப் பொழுது மட்டும் துணியால் துடைத்ததுபோல் போய்விட்டது. 'பயந்து, சொல்லிக் கொடுத்ததை மறந்து மேலே ஓடினார். தவறு அவருடையதே' என்று அதிகாரி எழுதிவைத்துவிட்டதாகப் பேச்சு.

"பயந்து ஓடற ஆளா சார் அவர்?" என்று முதல் நாளே அந்த அம்மாள் கேட்டிருந்தார். "இருபது வருஷமா பயந்து ஓடப் பாக்கறவங்களை நாற்காலியில உக்கார வெச்ச மனுஷன். அவர் ஏன் மேல வந்தார்? எனக்கு அது மட்டும் தெரியணும்."

இன்று அவருக்குத் தூங்கி நான்கு நாளான முகம். மேசையிலிருந்த துடுப்பைக் கையில் எடுத்தார். டாக்டர் அன்று இடது காலில் மாட்டியிருந்த வாடகைத் துடுப்பு. அதன் ஓரத்தில் அரைநிலா வடிவில் ஒரு துண்டு இல்லை.

"இது எப்படி வெட்டுப்பட்டுச்சு?"

"வாடகைச் சாமான் எல்லாம் இப்படித்தான் மூளியா இருக்கும்னு படகுக்காரர் சொன்னாரும்மா" என்றான் மைத்துனன்.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணவரின் கிளினிக்கில் பல் அச்சு எடுப்பது அவர் வேலை. ஆயிரக்கணக்கான வாய்களின் அச்சு அந்தக் கை வழியாகப் போயிருக்கிறது.

"இது வெட்டு இல்ல. கடி" என்றார். "மேல் வரிசை இங்க அழுந்தியிருக்கு. கீழ் வரிசை இங்க. முன்பல் பெரிசு. மனுஷப் பல் மாதிரியே இருக்கு, ஆனா மனுஷன் இல்ல."

மைத்துனன் வாயைத் திறந்தான். பல் டாக்டரையே பல்லால் கடித்த செய்தியை வைத்து அவனிடம் நான்கு ஜோக் தயாராக இருந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து நான்கையும் விழுங்கினான்.

துப்பறிவாளரின் கண் முக்கால்வாசி திறந்தது. நான்கு நாளில் இதுதான் உச்சம்.

"நீ கடல்ல இறங்கறே" என்றார் மைத்துனனிடம்.

"நீங்க?"

"எனக்குக் குளியலறையே ஆழம்."

*

கடலில் இறங்க மைத்துனனிடம் ஓர் அனுமதி அட்டை உண்டு. இரண்டு வருடம் முன்பு ஒரு பெண்ணுக்காகக் கற்றுக்கொண்டது. பெண் போய்விட்டாள், அட்டை இருக்கிறது.

படகு ஒரு கணவன் மனைவியுடையது. மனைவி ஆழ்நீச்சல் சொல்லித் தருபவர். ஊரே 'டீச்சர்' என்றது. வாடிக்கையாளரைக் கப்பலுக்குக் கூட்டிப்போவது அவர். படகு ஓட்டுவது கணவர். துறைமுக விதிப்படி, வாடிக்கையாளர் இறங்கும் முன் லைசன்ஸ் உள்ள இன்னொருவர் தனியாக இறங்கிக் கப்பலைச் சுற்றிப் பார்த்து, மேலே வந்து ஒரு வெள்ளைப் பலகையில் படம் போட்டுக் காட்ட வேண்டும். நீரோட்டம் எந்தப் பக்கம், எந்த மீன் எங்கே, எங்கே போகக் கூடாது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த வேலையும் கணவருடையது. அன்றைய பலகையை ஒரு வாடிக்கையாளர் போனில் படமெடுத்திருந்தார். கப்பலின் மூக்கு வலது பக்கம். புகைபோக்கியில் ஒரு விலாங்கு. வால்பக்கம் கொட்டை எழுத்தில்: 'பின்புறம்: அமைதி.'

அதிகாரியிடம் படகுக்காரர் எழுதிக் கொடுத்ததும் அதுதான். 'கப்பலின் பின்புற மணலில் பத்து நிமிடம் மண்டியிட்டு, நங்கூரக் கயிற்றைக் கல்லோடு பிணைக்கும் இரும்பு வளையத்தின் திருகை இறுக்கினேன். எல்லாம் அமைதியாக இருந்தது.'

விபத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாதென்று தடை.

"வாடிக்கையாளரைக் கூட்டிட்டுப் போகத்தான் தடை" என்றார் டீச்சர், சிலிண்டரை மாட்டியபடியே. நாற்பது வயதிருக்கும். அறுபது வயதுக் களைப்பு. "சொந்தக்காரங்களோட நீந்தறதுக்கு இல்ல."

"அப்ப இன்னைக்கு மட்டும் நான் உங்க தம்பி, அக்கா. எனக்கு அதுல நல்ல அனுபவம். முழுநேரமே யாருக்காவது தம்பியாத்தான் இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. மைத்துனன் போனில் துடுப்பின் படத்தைக் காட்டினான். டீச்சர் நெடுநேரம் பார்த்தார்.

"கிளாத்தி" என்றார் மெதுவாக. "பெரிய ஜாதி. ஓட்டை உடைச்சு நண்டு தின்கிற பல்லு. சாதாரணமா ஆளைக் கண்டா ஒதுங்கிப் போயிடும். மணல்ல குழி பறிச்சு முட்டை போட்டிருந்தா மட்டும்தான்..."

"போட்டிருந்தா?"

"துரத்தும். குழிக்கு மேல இருக்கிற தண்ணியெல்லாம் தன்னோடதுன்னு அதுக்கு நெனப்பு. அதோட எல்லை புனல் மாதிரி, மேல போகப் போக அகலமாயிட்டே போகும். அதனால மேல ஓடவே கூடாது. ஓட ஓட விடாமத் துரத்தும். பக்கவாட்டுலதான் நீந்தி வெளிய வரணும்."

"அங்க குழி எதுவும் இல்ல" என்றார் படகுக்காரர், சுக்கானைப் பிடித்தபடி திரும்பாமலே. "நான்தான் பாத்தேனே."

டீச்சர் கணவரின் முதுகைப் பார்த்தார். பிறகு முகக்கண்ணாடியில் துப்பி, தேய்த்து, கழுவினார். அதற்கு இவ்வளவு நேரம் ஆகாது.

*

பதினெட்டு மீட்டர் ஆழத்தில் மைத்துனனால் பேச முடியாது. அவன் வாழ்க்கையில் தொடர்ந்து முப்பது நிமிடம் அவன் வாய் சும்மா இருந்தது அன்றுதான். வாயில் காற்றுக் குழாய் இருந்ததால் சாத்தியமானது.

படகிலிருந்து விட்ட தனிக் கயிற்றைப் பிடித்து இறங்க இறங்கப் பச்சை நீலமாகி, நீலம் சாம்பலாகியது. அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து கப்பல் வந்தது. பெரிய மாடு ஒன்று படுத்திருப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. டீச்சர் எப்போதும் வாடிக்கையாளரைக் கூட்டிப்போகும் வழியிலேயே அவனையும் கூட்டிப்போனார். கப்பலின் மூக்கு அவனுடைய வலது கைப்பக்கம் நீண்டது.

சரக்கு அறையில் சிமென்ட் மூட்டைகள். மூழ்கிய வாரமே இறுகிக் கல்லாகியிருக்க வேண்டும். சாக்கு எப்போதோ மக்கிப்போய்விட்டது. சாக்கின் நெசவு மட்டும் கல்லில் பதிந்திருந்தது. கட்டிடமாக வேண்டியது, மீன்களுக்கு அடுக்குமாடி ஆகியிருந்தது. ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு குடித்தனம். கண்ணாடிபோல் உடம்புள்ள சின்ன மீன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே மனதாகத் திரும்பின. விசிறி விசிறியாக முள் விரித்த ஒரு மீன், கல்யாண வீட்டில் பட்டுப்புடவை கசங்காமல் நடப்பவர்போல் நகர்ந்தது. தட்டையான வெள்ளி மீன் ஒன்று, வேறு வேலையில்லாத மாமாபோல் இருவர் பின்னாலும் வந்தது.

புகைபோக்கியில் விலாங்கு இல்லை. இரண்டு அறை தள்ளி ஒரு குழாயிலிருந்து தலை நீட்டியது. வீடு மாற்றிக்கொண்டுவிட்டது.

பின்புறம் வந்தார்கள். மணலில் நங்கூரக் கல். அதில் இரும்பு வளையம், வளையத்தில் திருகு. மைத்துனன் குனிந்து டார்ச் அடித்தான்.

திருகின் தலைமேலும் வளையத்தின் மேலும் சேர்த்து ஒரே சிப்பி ஒட்டி வளர்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மேலே ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுபோல் ஏதோ மூடியிருந்தது. திருகை அரை சுற்றுச் சுற்றியிருந்தாலும் அந்தச் சிப்பி உடைந்திருக்கும். அது உடையவில்லை. நான்கு நாள் முன்பு இல்லை, ஒரு வருடமாகவே அதை எவரும் தொடவில்லை.

மண்டியிட்டாராம். பத்து நிமிடமாம்.

அவன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். அவர் திருகைப் பார்க்கவில்லை. கல்லுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மணலில், ஓர் ஆள் கால்நீட்டிப் படுக்கும் அகலத்துக்கு, தட்டுப்போல் ஒரு குழி. நடுவில் பவளத் துண்டுகள் ஒதுக்கிச் சுத்தமாக இருந்தது. ஒரே இரவில் பறித்த குழியில்லை.

டீச்சரின் காற்றுக் குழாயிலிருந்து குமிழி வருவது நின்றது. தண்ணீருக்குள் எந்தக் காரணத்துக்காகவும் மூச்சைப் பிடிக்காதே என்று முதல் பாடமாகச் சொல்லித் தருபவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அப்போதுதான் அது வந்தது. அரை ஆள் நீளம். மஞ்சள் துடுப்பு, கோணல் கண். வாய் நிறையப் பல். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிற அதே வேகம். மைத்துனனின் துடுப்பில் ஒரு கடி விழுந்தது.

படகில் கேட்ட பாடமெல்லாம் தலையிலிருந்து போயே போய்விட்டது. மேலே வெளிச்சம் தெரிந்தது. உடம்பு முழுவதும் 'மேலே, மேலே' என்றது. அவன் மேலே உதைத்தான். மீனும் கூடவே வந்தது. இன்னொரு கடி. இன்னும் உதைத்தான்.

கணுக்காலை ஒரு கை பிடித்தது. டீச்சர் அவனைக் கீழே இழுத்து, பக்கவாட்டில் தள்ளி, தன் துடுப்பை மீனுக்குக் காட்டியபடி நீந்தினார். பத்து கஜம் போனதும் மீன் நின்றது. ஒரு முறை முறைத்துவிட்டு முட்டைக்குத் திரும்பியது.

மைத்துனனுக்கு அந்தப் பல் டாக்டரின் காரணம் புரிந்துவிட்டது. பேசாமலே புரிந்தது.

*

கரைக்கு வரும்வரை கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் கொட்டகையில் துப்பறிவாளர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பச்சை டேப் ஒட்டிய ஒரு சிலிண்டரின்மேல், காய்ச்சல்கார நெற்றியில் வைப்பதுபோல் உள்ளங்கை வைத்திருந்தார். பக்கத்தில் காற்று அடைப்பவர்.

"நீயும் கடி வாங்கினியா?" என்றார் துப்பறிவாளர்.

"ரெண்டு. மீனுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு."

"திருகு?"

"சிப்பி ஒட்டி மூடியிருக்கு அத்தான். ஒரு வருஷமா யாரும் தொடல. பக்கத்துலயே குழி. அங்க பத்து நிமிஷம் மண்டி போட்டா முழங்கால் மிஞ்சாது."

துப்பறிவாளர் காற்று அடைப்பவரைப் பார்த்தார். "சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"காத்து அடிச்சா சிலிண்டர் சுடும் சார். காலி சிலிண்டர்னா அடிச்சு முடிக்கிறப்போ கை வைக்க முடியாது. இந்தப் பச்சை டேப்பு ஆறு வாரமா ஜில்லுனு வருது, ஜில்லுனே போகுது. நிறைஞ்சிருக்கிறதுல நான் என்னத்தை அடிக்கிறது? நானும் கேக்கல. பெரியவங்க விஷயம்."

பச்சை டேப் படகுக்காரருடையது.

படகுக்காரர் கொட்டகை வாசலில் நின்றார். துப்பறிவாளர் எழுந்து அவருடைய இடது பக்கம் போய் நின்றார். படகுக்காரர் முழு உடம்போடும் திரும்பினார்.

"நாலு நாளா கவனிக்கிறேன். இடது பக்கம் நின்னா நீங்க ஆளையே திருப்பறீங்க. காது எப்பலேருந்து?"

படகுக்காரர் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். பொய் சொல்லிக் களைத்தவர்களுக்கு உட்கார எந்த மூட்டையும் போதும்.

"ஆறு வாரம். சவ்வு கிழிஞ்சுபோச்சு. ரெண்டு மீட்டர் இறங்கினாத் தலை சுத்துது. டாக்டர் சீட்டு எழுதினா லைசன்ஸ் போயிடும். ரெண்டாவது ஆள் இல்லாம படகு எடுக்க முடியாது." கையால் முகத்தைத் தேய்த்தார். "அந்தப் பக்கமாக் குதிச்சு, ஏணியைப் புடிச்சுக்கிட்டு இருபது நிமிஷம் இருப்பேன். நனைஞ்சு ஏறி வருவேன்."

"பலகை?"

"நான்தான் வரைஞ்சேன். நேத்துப் போட்டதையே போட்டேன். கப்பல் எங்க எழுந்தா போயிடப் போகுதுன்னு நெனச்சேன். கப்பல் போகல சார். எல்லாம் சரியா இருந்துச்சுன்னு எழுதிட்டா யாருக்கும் தப்பில்லாமப் போயிடும்னு எழுதிக் குடுத்தேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மைத்துனன் நோட்டை மூடினான். வழக்கு முடிந்தது. பசித்தது.

துப்பறிவாளர் மூடவில்லை. சுவரில் சாய்த்திருந்த வெள்ளைப் பலகையைத் துடைத்து, பேனாவை நீட்டினார். "கப்பலை வரைங்க."

படகுக்காரர் புரியாமல் வரைந்தார். இத்தனை வருடப் பழக்கம், எட்டுக் கோட்டில் கப்பல் வந்துவிட்டது. மூக்கு இடது பக்கம்.

துப்பறிவாளர் போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் பிடித்தார். அதில் மூக்கு வலது பக்கம்.

"மனுஷன் கண்ணால வரையறதில்ல, உடம்பால வரையறான்" என்றார், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "நீங்க நங்கூரக் கயிறு வழியா அந்தப் பக்கம் இறங்கிப் பழகினவர். உங்களுக்கு மூக்கு எப்பவும் இடது கைப்பக்கம். வாடிக்கையாளரைக் கூட்டிட்டு இந்தப் பக்கமா சுத்தறவங்களுக்குத்தான் வலது கைப்பக்கம்."

மைத்துனனுக்குத் தன் வலது கை ஞாபகம் வந்தது. பசி போய்விட்டது.

"அவர் ஏணியில இருந்தார்" என்றார் டீச்சர். இன்னும் ஈர உடையில்தான் நின்றார். "நான்தான் வரைஞ்சேன். ஆறு வாரமா நான்தான். முந்தின நாள் நான் பாத்தது ஞாபகத்துல இருக்கும், அதைப் போடுவேன். பின்பக்கம் நான் போயே ஒரு வாரமாச்சு. அன்னைக்கு அவர் அந்தப் பக்கம் ஒதுங்கினப்பக்கூட நான் மத்தவங்களோட முன்பக்கம் இருந்தேன். குழி இருக்கும்னு தோணவே இல்ல. இன்னைக்குப் பாத்தப்புறம்தான்..."

"நீ ஏன்டி பேசறே!" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

"உனக்கும் லைசன்ஸ் போச்சுன்னா நாம என்னத்துக்கு ஆவோம்?"

"அந்தாளுக்குக் கால் போயிருக்கு."

கொட்டகையில் காற்று இயந்திரம் மட்டும் சத்தம் போட்டது. காற்று அடைப்பவர் அதையும் நிறுத்தினார்.

"அதிகாரி காகிதத்துல இன்னும் உங்க பேரு இல்ல" என்றார் துப்பறிவாளர். "எங்களை அமர்த்தினது அந்தம்மா. அவங்ககிட்ட உண்மையைச் சொல்லியே ஆகணும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா? எனக்குப் பேசத் தெம்பு இல்ல. ஆனாலும் சொல்லிடுவேன்."

டீச்சர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினார்.

*

துறைமுக அலுவலகத்துத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு நீள பெஞ்சு. மூன்று ஐம்பதுக்கு டாக்டர் மனைவி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற மூவரும் சுவரோரம் நின்றார்கள்.

மைத்துனன் இந்த ஆறு வருடத்தில் பல உண்மைகள் வெளிவந்து பார்த்திருக்கிறான். எல்லாம் கத்தலோடு வந்தவை. இது, மருந்து எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற குரலில் வந்தது. மீன், குழி, புனல், பலகை, காது. டீச்சர் எதையும் விடவில்லை.

"அவர் பயந்தாரா?" என்றார் டாக்டர் மனைவி.

"பயந்தார். யாரா இருந்தாலும் மேலதான் ஓடுவாங்க." டீச்சர் சுவரோரம் நின்ற மைத்துனனைக் காட்டினார். "இவரு ஓடினாரு. ஓடக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தும் ஓடினாரு. உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லவே இல்ல."

மைத்துனன் தலையாட்டினான்.

டாக்டர் மனைவி மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார்.

"நாலு நாளா ராத்திரி பகல் அவர் கேக்கறது ஒண்ணுதான். 'நான் என்ன தப்புப் பண்ணேன்?' நான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்றேன். சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைக்கிறார்." டீச்சர் பக்கம் திரும்பினார். "இங்க முடிச்சுட்டு என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும். இப்ப சொன்ன மாதிரியே அவர்கிட்ட சொல்லணும். அழக் கூடாது. நீங்க அழுதா அவர் உங்களைச் சமாதானம் பண்ண ஆரம்பிச்சுடுவார். அப்படிப்பட்ட மனுஷன்."

"வரேன்."

"மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க."

"இல்ல."

கதவு திறந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு டாக்டர் மனைவியை எட்டிப் பார்த்தார். கையில் தட்டச்சு செய்த காகிதமும் மூடி கழற்றிய பேனாவும்.

"வாங்கம்மா, ரெண்டே நிமிஷம். எல்லாம் எழுதிட்டேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா நானும் போட்டு முடிச்சிடுவேன்."

டீச்சர் எழுந்தார். படகுக்காரரும் சுவரைவிட்டு நகர்ந்து அவர் பின்னால் போய் நின்றார்.

"அதை ஓரமா வெச்சிடுங்க சார்" என்றார் டீச்சர். "வேற தாள் எடுங்க. முதல்லேருந்து எழுதணும்."